கொட்டிலில் நின்ற கவச வண்டி

சில பொருள்கள் உருவத்தைக் காட்டிலும் ஓசையினாலேயே நம் நினைவில் தங்கிவிடுகின்றன. நமது சிறு பிராயத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓர் ஒழுங்கையில், கிடுகு வேலிக்குப் பின்னே அன்னையின் கைக்குள் ஒடுங்கியிருந்து கேட்ட ஓசை ஒன்று உண்டு. வீதியிலே கவச வண்டி செல்லும் ஓசை அது. அது தொலைவில் தேய்ந்து மறையும் வரை அன்னையார் எம்மைப் பிடித்த பிடியைத் தளர்த்தமாட்டார். ஒரே ஒரு தடவை கிடுகின் நீக்கல் வழியாக எட்டிப் பார்த்தோம். நான்கு சக்கரங்கள், சாய்ந்த இரும்புத் தகடுகள், மேலே ஒரு சிறு சுழல்கூண்டு, அதிலிருந்து நீண்ட ஒரு குழல். அவ்வளவே கண்டோம். ஆயினும் அது போதுமானதாயிருந்தது.

2018-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள ஒரு சிறு பங்கில் இரு மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் நம்மைத் தேநீருக்கு அழைத்தார். இயந்திரப் பணியாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். தேநீர் முடிந்தபின், “பாதர், என் பொக்கிஷத்தைப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டுத் தோட்டத்தின் கோடியிலிருந்த பழைய தானியக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று கதவைத் திறந்தார். உள்ளே, பச்சை வண்ணம் பூசப்பெற்று, துடைத்து மெருகேற்றப்பட்டு, அதே வண்டி நின்றது. நமது கால்கள் வாயிலிலேயே நின்றுவிட்டன. வயதும் குருத்துவமும் அவ்வேளையில் நமக்கு உதவவில்லை.

அவரோ இதனைக் கவனியாமல், பேரப்பிள்ளையை அறிமுகம் செய்யும் பாட்டனாரின் மகிழ்ச்சியோடு அதன் வரலாற்றைக் கூறத் தொடங்கினார். அதன் பெயர் ஃபெரட். கவென்ட்ரி நகரின் டைம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை இவ்வகையில் 4,409 வண்டிகளைச் செய்தது. இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் படைகள் இவற்றைப் பயன்படுத்தின. எதிரியின் இருப்பிடத்தை உளவு பார்த்து வருவதே இதன் தொழில். ஃபெரட் என்பது கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கு. வளைக்குள் ஒளிந்திருக்கும் முயல்களை வெளியே விரட்டுவதற்காக அந்நாட்டார் அதனை வளர்ப்பதுண்டு. இதைக் கேட்டதும், வேலிக்குப் பின்னிருந்த சிறுவனை எண்ணி நமது நெஞ்சு திடுக்கிட்டது.

இத்தகைய வண்டிகள் தனியார் கைக்கு எவ்வாறு வருகின்றன என வினவினோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், படைகளுக்கு வேண்டாதவற்றை அரசு ஏலத்தில் விற்றது. நாட்டிங்காம் அருகேயுள்ள ரடிங்டன் என்னும் ஊரிலிருந்த படைக் கிடங்கில் 1983 வரை அத்தகைய ஏலங்கள் நடைபெற்றன. லாரிகள், பளு தூக்கிகள், டாங்கி இழுக்கும் வண்டிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்குமாம். சிலர் உழவுக்கும் மரம் இழுக்கவும் வாங்கினர். சிலர் ஆசைக்காகவே வாங்கினர். நம் நண்பர் தமது பத்தொன்பதாம் வயதில், கட்டாயப் படைச்சேவைக் காலத்தில், மேற்கு ஜெர்மனியில் இத்தகைய வண்டியை ஓட்டியவர். பிற்காலத்தில், அவ்வேலத்தில் எடுத்த ஒரு வணிகரிடமிருந்து இதனை வாங்கினார். “எங்கள் வீட்டில் இது மூன்றாவது ஆள். என்னைவிட இதற்குத்தான் செலவு அதிகம்” என்றார் அவர்தம் மனைவியார், பாதி நகைப்போடும் பாதி அலுப்போடும்.

அவ்வலுப்பில் நியாயம் உண்டு. நான்கு டன் எடையுள்ள இவ்வண்டி ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும். பின்புறத்திலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினை வாரந்தோறும் இயக்காவிடின் அது முரண்டு பிடிக்கும். முன்னோக்கி ஐந்து கியர்கள் இருப்பதுபோல் பின்னோக்கியும் ஐந்து உண்டு. கைப்பிடியால் கியரை முன்னரே தேர்ந்து வைத்து, பின்னர் இடக்காலால் மிதியை அழுத்த வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் மிதி மிகுந்த விசையோடு திருப்பி உதைக்கும். நண்பரின் முழங்காலில் அதற்குச் சான்றான தழும்பு இருந்தது.

மற்றொரு நுட்பத்தையும் விளக்கினார். ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. டயர்களின் தேய்வில் சிறிது வேறுபாடு இருப்பினும், தார்ச் சாலையில் ஓட ஓட, தண்டுகளுக்குள் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் உள்ளே பற்சக்கரம் உடைந்துவிடும். ஆகவே இடையிடையே புல்தரையிலோ மென்மையான மண்ணிலோ இறக்கி ஓட்ட வேண்டும். அங்கே சக்கரங்கள் சற்று வழுக்க, முறுக்கம் தானே தளர்ந்துவிடும். மாந்தர் உள்ளமும் அவ்வாறே என்று அன்று நாம் எண்ணினோம். எனினும் நமது உள்ளத்திலேயே முறுக்கம் ஏறிக்கொண்டிருந்ததை உணர்ந்தோமில்லை.

விடைபெறும் வேளையில் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இரு வாரங்களில் பங்கின் கோடை விழா. ஏழைகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு வண்டியைத் திடலில் நிறுத்திப் பிள்ளைகளை ஏறிப் பார்க்க விடுவது அவர் வழக்கம். அவ்வாண்டு முதல் ஆளாகப் பங்கின் விருந்தினராகிய நாம் ஏற வேண்டுமாம். “இயலாது” என்றோம். காரணம் கூறாமலே, சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டோம். கொலைக் கருவியை விளையாட்டுப் பொருளாக்குவது முறையோ என்றும் சேர்த்துக் கேட்டோம். அவர் முகம் வாடியது. ஒன்றும் பேசாமல் கொட்டிலின் கதவைச் சாத்தினார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஒரு முதியவரின் மனத்தைப் புண்படுத்திவிட்டு, அதனை அறத்தின் பெயரால் நியாயப்படுத்திக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் அவரிடம் சென்று, ஒழுங்கையையும் வேலியையும் அன்னையின் கையையும் பற்றி எல்லாவற்றையும் கூறினோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “பாதர், நாளை ஓரிடத்திற்குப் போவோம்” என்றார்.

அவர் நம்மைத் தமது சிறு காரில் டார்கிராஸ் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஷெர்மன் டாங்கி ஒன்று கருநிறம் பூசப்பெற்று நிற்கிறது. 1944 ஏப்ரல் இறுதியில், நார்மண்டிப் படையிறக்கத்திற்கு ஒத்திகையாக அமெரிக்க வீரர்கள் அக்கடற்பகுதியில் பயிற்சி செய்தபோது, ஜெர்மானிய விரைவுப் படகுகள் இரவில் தாக்கின. மாண்டவர்கள் 700-க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. படையிறக்கத்தின் இரகசியம் கருதி அச்செய்தி அப்போது மறைக்கப்பட்டது. பின்னர் பெரும்பாலோர் அதனை மறந்தே போயினர். அவ்வூரில் விருந்தினர் விடுதி நடத்திய கென் ஸ்மால் என்பவர், கரையில் உலாவும்போது கிடைத்த பித்தான்களையும் காசுகளையும் தோட்டாக்களையும் கண்டு விசாரிக்கலானார். ஆழத்தில் டாங்கி கிடப்பதை மீனவர்கள் வாயிலாக அறிந்து, 1974-இல் அமெரிக்க அரசிடமிருந்து அதனை 50 டாலருக்கு விலைக்கு வாங்கினார். ஆனால் 1984-இல்தான் அதனைக் கரையேற்ற முடிந்தது. பத்தாண்டு உழைப்பு! கரையேற்றியபின் அவர் அதனை மாண்டோரின் நினைவுச் சின்னமாக்கினார். 2004-இல் அவர் காலமானார். இன்றும் மக்கள் அதனடியில் மலர்கள் வைத்துச் செல்கின்றனர்.

“அவர் தமது டாங்கியின் கதையைத் தேடிச் சென்று கண்டுபிடித்தார். நான் என் வண்டியின் எஞ்சினை மட்டுமே அறிந்திருக்கிறேன்” என்றார் நண்பர். நாம் என்ன மறுமொழி கூறுவது என்று அறியாது நின்றோம்.

விழா நாளில் வண்டி திடலில் நின்றது. ஆனால் சுழல்கூண்டில் துப்பாக்கி இல்லை. அது முன்னரே சுட இயலாதவாறு செய்யப்பட்டதுதான். இயந்திரத் துப்பாக்கி தனியார் வசம் இருப்பின் அவ்வாறு செயலிழக்கச் செய்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். இருந்தும் அன்று அதனையும் கழற்றி வைத்திருந்தார். பிள்ளைகள் ஏறுமுன், “தந்தையவர்கள் உங்களுக்கு ஒன்று கூறுவார்கள்” என்று நம்மை முன்னே நிறுத்தினார். நாம் சுருக்கமாகவே கூறினோம்: இத்தகைய வண்டி ஒன்று எமது ஊர் வீதியில் வந்தபோது, உங்கள் வயதுடைய நாம் வேலிக்குப் பின்னே ஒளிந்திருந்தோம் என்று. ஏழு வயதிருக்கும் ஒரு சிறுவன் கேட்டான்: “அது உங்களைக் கண்டுபிடித்ததா?” “இல்லை மகனே” என்றோம். குரல் சற்றே கம்மிற்று.

அதன்பின் நாமும் ஏறினோம். நண்பர் திடலைச் சுற்றி ஒருமுறை மெல்ல ஓட்டினார். முன் மூடியை அடைக்கச் சொல்லி, அவர் தோளுக்கு மேலாகப் பார்வைத் துளை வழியே பார்த்தோம். தெரிந்தது ஒரு கையகலப் புல்லும் ஒரு துண்டு வானமும் மட்டுமே. வெளியே நின்று கேட்டபோது உலகையே நிரப்பிய அவ்வோசை, உள்ளேயிருந்து கேட்கையில் வேறு எதையுமே கேட்கவிடாத இரைச்சலாயிருந்தது. வேலிக்குப் பின்னிருந்த சிறுவனை உள்ளேயிருந்தவர் கண்டிருக்கவே முடியாது. அவரும் அச்சத்தோடுதான் இருந்திருப்பார் என்னும் எண்ணம் அன்றுதான் முதன்முதலாக நமக்குத் தோன்றியது. அதனால் நடந்தவை நடவாதவை ஆகிவிடா. ஆயினும் உள்ளே ஏறியிருந்த முறுக்கம் அப்புல்தரையில் ஓரளவு தளர்ந்தது.

2023-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அவரிடமிருந்து மடல் வந்தது. கியர் மிதியை அழுத்தக் காலில் வலுவில்லையாம். இப்போது பேத்தியே வண்டியை ஓட்டுகிறாளாம். மசகிடுவதையும் டயர்களை அளந்து பொருத்துவதையும் அவளுக்குக் கற்பித்துவிட்டாராம். “விழாவில் உங்கள் வேலியின் கதையையும் அவளே சொல்கிறாள், பாதர். வண்டியோடு அதையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்” என்று எழுதியிருந்தார்.

அன்பு வாசகர்களே, அண்மையில் நமது பங்கில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வெற்று எறிகணைக் கோது ஒன்று கதவு சாத்தாதிருக்க முண்டு கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. “இது என்ன, அப்பப்பா?” என்று கேட்டது பேரக்குழந்தை. “ஒன்றுமில்லை, பழைய இரும்பு” என்றார் பெரியவர். அவர் ஏன் அவ்வாறு கூறினார் என்பது நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் போர் விட்டுச்சென்ற பொருளை வீட்டில் வைத்திருப்போர், அதன் கதையையும் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். பொருளைத் துருவேறாமல் காப்பது எளிது; எண்ணெயும் துணியும் போதும். கதையைக் காப்பதற்கோ, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவர் வாய் திறக்க வேண்டும். வெறுப்பை ஊட்டாமலும் உண்மையை மறைக்காமலும் அதைச் சொல்லும் பொறுப்பு வீட்டுப் பெரியவர்களுடையது.