நூலிழை இடைவெளி

பிழைப்பை நாடி வெளியூரில் குடியேறிய நம்மவர் வீடுகளில், தலைமுறைகளைப் பிணைக்கும் பொருள் ஒன்றேனும் இருக்கும். சில வீடுகளில் அது பாட்டியின் குத்துவிளக்கு. சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த பித்தளைக் காப்பி வடிகட்டி. எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது 1972ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற ஓர் அம்பாசிடர் கார்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த என் தந்தையார், கல்கத்தா என்று அப்போது வழங்கிய இந்நகருக்கு 1951இல் வந்தார். டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. 1979இல், வேறொருவர் ஓட்டிக் களைத்த அந்த வண்டியை வாங்கினார். ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில், ஹிந்த்மோட்டார் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் செல்ல, அவர் மட்டும் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பார்.

அவ்வண்டிக்கு ஓர் ஒலி உண்டு. எஞ்சின் ஓடும்போது தையல் இயந்திரம் போல ‘டிக் டிக்’ என்று இடைவிடாது ஒலிக்கும். அது டாப்பெட் ஒலி. அலுவலகம் விட்டு வரும் வண்டி தெருமுனை திரும்பும்போதே என் தாயார் அதனைக் கேட்டுவிடுவார். பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். தந்தையார் செருப்பைக் கழற்றுவதற்கும் காப்பி நுரைத்து வருவதற்கும் சரியாக இருக்கும்.

2000ஆம் ஆண்டில் தாயார் மறைந்தார். அதன் பின்னர் தந்தையார் குறை சொல்லத் தொடங்கினார். காப்பியில் திடமில்லை என்பார். பேரனுக்கு வங்காளமும் ஆங்கிலமும் வருகின்றன, தமிழ் எழுத வரவில்லையே என்பார். செய்தித்தாள் தாமதம், குழாயில் நீர் குறைவு என்று மாலைதோறும் ஒரு பட்டியல் இருக்கும். காதும் மந்தமாகிவிட்டதால் உரக்கவே சொல்வார். 2002இல் ஒருநாள், வேலைக் களைப்போடு வந்த நான் பொறுமையிழந்து, “அப்பா, எல்லாவற்றிலும் குறை காணத்தான் வேண்டுமா? கொஞ்ச நாள் பேசாமல் இருங்களேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அன்று முதல் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் அமைதி நிலவியது. நான் அதை நிம்மதி என்று எண்ணினேன்.

அதே மாதத்தில்தான் வண்டியை மிஸ்திரியிடம் கொண்டு சென்று, டாப்பெட் ஒலியை அடக்கித் தருமாறு கேட்டேன். “பழைய எஞ்சின் பாபு, கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்” என்றார் அவர். நான் வற்புறுத்தினேன். திருகுகளை இறுக்கிக் கொடுத்தார். வண்டி பூனைபோல் நடந்தது. அதுவும் நிம்மதி என்றே எண்ணினேன்.

ஓராண்டு சென்றது. 2003ஆம் ஆண்டின் மழைக்கால முடிவில் வண்டிக்கு நடுக்கம் கண்டது. நிற்கையில் குலுங்கியது, மேம்பாலத்தில் ஏறுகையில் திணறியது. தந்தையார் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னார். முதல், இரண்டாம், நான்காம் கம்பிகளைக் கழற்றியபோது எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாறுதலும் இல்லை. அந்த சிலிண்டர் முன்னரே வேலை செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. மிஸ்திரியிடம் இரவல் வாங்கிய அளவுமானியும் அங்கு அழுத்தம் இல்லை என்றே காட்டியது. பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளந்தோம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், எண்ணெய் இடுக்கை அடைக்க, அழுத்தம் ஏறும். ஏறவில்லை. “வால்வுதான்” என்றார் தந்தையார். பல மாதங்களுக்குப் பின்னர் அவர் தாமாகச் சொன்ன முதற்சொல் அதுவாகவே இருக்கக்கூடும்.

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூசையன்று கருவிகள் பூசையில் இருக்க வேண்டும், தொடக்கூடாது. அதற்குள் வேலையை முடிப்பதென்று தீர்மானித்தார். அவருக்கு எழுபத்தாறு வயது, கைகளில் நடுக்கம். எனக்குக் கைகள் உறுதியாயிருந்தன, வேலை தெரியாது. பத்து வயது மகன் எங்கள் இருவருக்கும் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான்.

தண்ணீரை வடித்தோம். கார்புரேட்டரையும் சைலன்சர் குழாயின் பிணைப்பையும் கழற்றினோம். ஹெட்டைப் பிடித்திருக்கும் பதினொரு நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றலாகாது. வரிசை முறைப்படி ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும், இல்லையேல் இரும்பும் வளைந்துவிடும் என்று கற்பித்தார். எட்டுப் புஷ் ராடுகளும் இடம் மாறாதிருக்க, சந்தேஷ் வாங்கிய அட்டைப் பெட்டியில் எட்டுத் துளைகளிட்டு, ஒவ்வொன்றின் கீழும் க, உ, ங, ச என்று எண்ணிட்டார். “தாத்தா, எண்ணுக்குப் பதில் எழுத்தை எழுதுகிறீர்களே!” என்று வியந்தான் பையன். “இவைதாமடா நம் எண்கள்” என்றார் அவர். அன்று மாலைக்குள் எட்டு வரை அவனுக்கு எழுத வந்துவிட்டது.

ஹெட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தோம். வால்வுகளின் வரிசையில் ஐந்தாவது, அதாவது மூன்றாம் சிலிண்டரின் புகைவழி வால்வு, விளிம்பில் கருகி, எலி கடித்த முறுக்குப் போல் பிளந்திருந்தது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரியது அதன் தலை. அந்த எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை நடுவிலுள்ள ஒரே வழியாக வெளியேறுகிறது. ஆகவே அங்குச் சூடு மிகுதி. எழுநூறு பாகை வரை சுடும் அந்த வால்வு ஆறுவதற்குப் பெரிதும் துணைபுரிவது, அது மூடித் தன் இருக்கையில் அமரும் கணப்பொழுதுதான். சூட்டில் அதன் தண்டு நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே நூலிழை அளவு இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி இருந்தால் ‘டிக் டிக்’ என்னும் ஒலி எழும். இடைவெளி அற்றுப்போனால் ஒலி இராது. ஆனால் வால்வு முழுதும் மூடாது, ஆறுவதற்கு வழியின்றி எரிந்துபோகும்.

காலமும் அதற்கு எதிராக வேலை செய்திருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. மூச்சுக் காற்றுக்கு அது நன்மையே. ஆனால் ஈயம் படிந்து காத்துவந்த பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் அதன் பின்னர் விரைவாகத் தேயலாயின. இருக்கை தேய, வால்வு உள்வாங்க, இடைவெளி தானாகவே குறைந்துவந்தது. எஞ்சியிருந்ததையும் இறுக்கச் சொன்னவன் நான்.

மறைக்க மனம் வரவில்லை. “அப்பா, சத்தத்தை அடக்கச் சொன்னது நான்தான்” என்றேன்.

அவர் கருகிய வால்வைத் துணியால் துடைத்தவாறே, “தெரியும். காது கேட்காவிட்டால் என்ன? பானெட்டின் மேல் கை வைத்தால் அந்த அதிர்வு தெரியும். போன வருஷம் ஒருநாள் கை வைத்தேன், இல்லை” என்றார்.

“அப்போதே சொல்லியிருக்கலாமே, அப்பா?”

“நீதானே பேச வேண்டாம் என்றாய், தம்பி.”

சினமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. நட்டு எந்த அளவு என்று சொல்வது போலச் சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். வேறு சொல் எங்களிடையே எழவில்லை. “மண்ணெண்ணெயை எடு” என்றார், எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஹெட்டை ஒரு வாடகைக் காரில் ஏற்றி மல்லிக் பஜாருக்குக் கொண்டு சென்று, பழுதான இருக்கையில் மட்டும் உறுதியான வளையம் பதித்து வந்தோம். புது வால்வை இருக்கையோடு பொருத்தித் தேய்க்கும் வேலை வீட்டுத் திண்ணையில் நடந்தது. முதலில் பருந்துகள் பசை, பின்னர் நுண்துகள் பசை. ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலை வால்வின் தலையில் ஒட்டி, இரு உள்ளங்கைகளுக்கிடையே தயிர் கடைவது போல் உருட்ட வேண்டும்; அவ்வப்போது தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் உருட்ட வேண்டும். இந்த ஒரு வேலையில் நடுங்கும் கை குறையாகவில்லை. அவர் உருட்டினார், நான் பார்த்திருந்தேன். விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிறக் கோடு ஒன்று தோன்றியதும், பசையைக் கழுவி, வால்வைப் பூட்டி, மேலே மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தோம். அரைமணி கழித்தும் ஒரு சொட்டும் கசியவில்லை.

அட்டமியன்று பிற்பகல் இடைவெளியைச் சரிசெய்தோம். அதற்கொரு கணக்குண்டு: எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். “எட்டாவது திறந்திருக்கிறது” என்று நான் சொல்ல, “க!” என்று கூவினான் பையன். ஒவ்வொன்றிலும் அளவுத் தகட்டைச் செருகி, அது இறுக்கமின்றி, ஆனால் சிறிது பிடித்து வருமாறு திருகச் சொன்னார்.

அந்தி வேளையில் எஞ்சினைக் கிளப்பினேன். தெருப் பந்தலில் டாக்கு முழங்கிக்கொண்டிருந்தது. என் காதில் வேறெதுவும் விழவில்லை. தந்தையார் பானெட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து என் கையை எடுத்துத் தம் கையருகே வைத்தார். ‘டிக் டிக்’ என்று விரல் நுனிகளில் அது ஓடிற்று.

மறுநாள் ஆயுத பூசை. வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டோம். பூசை முடிந்து காப்பி வந்தது. ஒரு வாய் அருந்திய தந்தையார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இதில் திடமே இல்லை” என்று உரக்கச் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். “நாளை சரியாகப் போடச் சொல்கிறேன், அப்பா” என்றேன்.

அதன் பின்னர் ஆறாண்டுகள், 2009இல் மறையும் வரை, அவர் மாலைதோறும் தவறாமல் குறை சொல்லி வந்தார். வண்டியை 2011இல் விற்றோம். வாங்க வந்தவர் எஞ்சினைக் கேட்டுப் பார்த்து, “சத்தம் வருகிறதே?” என்றார். “வரட்டும், அதனை மட்டும் அடக்கிவிடாதீர்கள்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.