செலவுக்கு ஜாமீன்

நிலத் தகராறில் பிரதிவாதியாகச் சிக்கியவர் பிராது நகலோடு வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்: "அவரு சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு கேஸ் போட்டுட்டாரு. நாளைக்கு நான் ஜெயிச்சா என் செலவை யாருங்க சார் குடுப்பா?"

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 25 இதற்காகவே இருக்கிறது. பிரதிவாதிக்கு ஆன, ஆகப்போகிற செலவுக்கு ஜாமீன் கொடு என்று வாதிக்கு எந்தக் கட்டத்திலும் கோர்ட் உத்தரவிடலாம். காரணத்தை எழுதியாக வேண்டும். பொதுவாக இது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஒரு நிலைமையில் மட்டும் கட்டாயம்: வாதிகள் அத்தனை பேரும் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்து, தாவா சொத்து நீங்கலாக அவர்களில் ஒருவருக்கும் இங்கே போதிய அசையாச் சொத்து இல்லாவிட்டால்.

"தாவா சொத்து நீங்கலாக" என்பதில்தான் விவாதத்தில் பாதி நேரம் போகும். பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அட்டவணையில் உள்ள நாலு ஏக்கரில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதே என்பார். அந்தப் பங்கு உண்டா இல்லையா என்பதுதானே வழக்கே! அது கணக்கில் வராது.

வெளிநாட்டில் இருப்பதைக் காட்டுவது சுலபம். பிராதின் முகவரியும் தூதரக முத்திரை விழுந்த பவர் பத்திரமும் போதும். சொத்து இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? வில்லங்கச் சான்றை (இ.சி.) சர்வே எண் வைத்துத்தான் போடுகிறோம். எந்த எண்ணுக்கென்று போடுவது? எனக்குத் தெரிந்தவரை அவருக்கு வேறு சொத்து கிடையாது என்று கட்சிக்காரரை வைத்து உறுதிமொழிப் பத்திரம் போட்டு நிறுத்திக்கொள்வேன். வாதிக்கு மட்டுமே தெரிந்ததை வாதிதான் காட்ட வேண்டும். எதிருரையில் ஒரு பட்டாவைக் கொண்டுவந்து வைப்பார். எங்கள் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது: கூட்டுப் பட்டாவா, எத்தனை பெயர், அந்த சர்வே எண்ணுக்கு இ.சி. போட்டால் அடமானம் நிற்கிறதா.

வாதி தரப்பில் நான் இருந்தால், உண்மையிலேயே பங்குள்ள தங்கை ஊரில் இருக்கும்போது அவரைப் பிரதிவாதி வரிசையில் தள்ளாமல் இரண்டாம் வாதியாகச் சேர்த்துவிடுவேன். கட்டாயம் என்ற பேச்சு அதோடு போய்விடும். நீதிபதியின் விருப்புரிமை மட்டும் மிச்சமிருக்கும்.

கட்சிக்காரருக்குப் புரியவைக்கக் கஷ்டமானது தொகைதான். அவர் மனதில் இருப்பது நிலத்தின் மதிப்பு. வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றால், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். விற்பனை செல்லாமல் போவதில்லை. ஆனாலும் நடைமுறையில் எந்த வங்கி கடன் கொடுக்கும், எவர் அட்வான்ஸ் கொடுப்பார்? உண்மையான நஷ்டம் அதுதான். கட்டளை 25 அதைத் தொடுவதில்லை.

வினோத் சேத் வழக்கில் இது தெளிவாகவே தீர்ந்துவிட்டது. சொத்து மேம்பாட்டு ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றக் கோரிய வாதி, தோற்றால் 25 லட்சம் நஷ்டஈடு தருவதாக உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். 2010இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் இடமில்லாத ஜாமீனை உள்ளார்ந்த அதிகாரம் என்று சொல்லியும் கேட்க முடியாது. பொய் வழக்குக்கென உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு தரும் ஈட்டுத் தொகையோ சாதாரண வழக்குகளில் 3,000 ரூபாயைத் தாண்டாது. இந்தக் காலத்தில் அது யாரைப் பயமுறுத்தும்?

ஆகவே டிக்ரியின் அடியில் வரும் செலவுப் பட்டியலில் ஏறக்கூடியதை மட்டும் கேட்கிறேன்: ஸ்டாம்ப், பிராசஸ் கட்டணம், சாட்சிப் படி, கமிஷனர் செலவு, விதிப்படியான வக்கீல் கட்டணம். கட்சிக்காரர் எனக்குத் தரும் பீஸ் முழுதாக அதில் ஏறாது; அதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். இனம் இனமாகப் பிரித்த சின்னத் தொகைக்கு நீதிபதிகள் அதிகம் யோசிப்பதில்லை. உருண்டையாகப் பத்து லட்சம் என்று கேட்டால், வழக்கை நசுக்கப் பார்க்கிறீர்களா என்ற கேள்விதான் வரும்.

அந்தச் சந்தேகம் சில சமயம் சரியாகவும் இருக்கிறது. உள்ளூரிலேயே இருக்கிற, கையில் காசில்லாத வாதி மேல் இந்த மனுவைப் போடச் சொல்லி வருபவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. ஏழை என்பது மட்டும் ஜாமீனுக்குக் காரணமாகாது. அப்படிப்பட்டவர் கோர்ட் கட்டணமே கட்டாமல் வழக்குப் போட கட்டளை 33 இருக்கிறது.

ஜாமீன் கட்டத் தவறினால் வழக்கு தள்ளுபடி. தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. ஆகவே கெடு முடிந்த அன்றைக்கே சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிற கட்சிக்காரரிடம், கட்டை மூடிவிடாதீர்கள் என்பேன்.

கட்டினாலும் எதைக் கட்டினார் என்று பார்க்க வேண்டும். ஜாமீன்தாரர் என்றால் தனி வழக்கில்லாமல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி அவர் மேலேயே நிறைவேற்று மனு போடலாம். அதற்குள் அவர் தன் நிலத்தை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிவிடவும் கூடும். வங்கி உத்தரவாதம் பரவாயில்லை. ஒரு வருடத்துக்குத்தான் தந்திருப்பார்கள், வழக்கோ ஏழெட்டு வருடம் ஓடும். காலாவதிக்கு ஒரு மாதம் முந்தைய தேதியை வாய்தா டைரியில் குமாஸ்தா எழுதி வைத்தாரா என்று நானே ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுவேன்.