வெயில் விழும் பக்கம்

ஊர்வன ஏதாவது வளர்க்க வேண்டும், எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான். பூஜை அறை எந்தத் திசை என்று சட்டென்று சொல்கிறவர்களும் இதற்குத் தயங்குவார்கள். காலை ஒன்பது மணிக்கு வெயில் எந்த இடத்தில் விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். நாயும் பூனையும் தம் உடம்புச் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். ஆமையும் ஓணானும் அதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைந்துவிடும். ஆகவே வெயில், நிழல், தண்ணீர் மூன்றையும் அமைத்து முடித்த பிறகுதான் பிராணியைப் பற்றிப் பேச வேண்டும்.

எதை வளர்ப்பது என்பதில் பாதியைச் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. நட்சத்திர ஆமை, நம் குளத்து ஆமைகள், உடும்பு, மலைப்பாம்பு, பச்சோந்தி ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழகான ஓட்டுக்காகக் கடத்தப்பட்டே நொந்துபோன நட்சத்திர ஆமையை 2019இல் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கக் கூடாது. பரிதாபப்பட்டு வாங்கினாலும் அடுத்த ஆமையைப் பிடிக்கத்தான் அந்தப் பணம் போகும். பால் பைத்தான், பச்சை இகுவானா போன்ற சில வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

நம் ஊரில் இந்தத் தேடல் பெரும்பாலும் வண்ணமீன் கடையில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமைக்குஞ்சில் போய் நிற்கும். சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. நான் வளர்ப்பதும் இதைத்தான். அதனால் இதைப் பற்றியே சொல்கிறேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் குஞ்சைக் கடைக்காரர் கைப்பிடியளவுப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, நடுவில் ஒரு பொய்த் தென்னை மரமும் வைத்துத் தருவார். அது வளராது என்றும் சொல்வார். வளரும். பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது என்று வாங்கினால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் ஆமை தொட்டியில் இருக்கும். இதை யோசிக்காமல் வாங்கியவர்கள் ராத்திரியில் கொண்டுபோய்க் கோயில் குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுகிறார்கள். குவாஹாட்டியின் உக்ரதாரா கோயில் குளத்திலும் திருச்சூரின் கால்வாய்களிலும் இந்த ஆமை அகப்பட்டது அப்படித்தான். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நம் குளத்து ஆமை வெயில் காயும் கல்லையும் தின்னும் இரையையும் இது பிடுங்கிக்கொள்ளும். குளத்தில் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

வெயிலுக்கு வருகிறேன். ஆமையின் ஓடு உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒன்றாய் இணைந்திருக்கின்றன. தொட்டால் ஆமைக்குத் தெரியும். அந்த எலும்பு இறுகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடம்பு எடுத்துக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். டி3 தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு, நல்ல வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களின் ஆமைக்குத்தான் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. சூடு கிடைக்கிறது, கதிர் கிடைப்பதில்லை. அதற்கென்று விற்கும் விளக்கை வாங்கலாம். அதிலும் வெளிச்சம் குறைவதற்கு முன்பே கதிர் குறைந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாமல், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

மொட்டை மாடி உள்ளவர்களுக்கு விளக்கே வேண்டாம் என்பது என் கட்சி. சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்? பெரிய தொட்டி ஒன்று, ஆமை கவிழ்ந்தால் தானே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான தண்ணீர், வழுக்காமல் ஏறி உடம்பு முழுக்கக் காயும்படி செங்கல் மேடை. காக்கையும் பூனையும் வராமல் மேலே கம்பி வலை. தொட்டியில் சரிபாதிக்குக் கட்டாயம் நிழல் வேண்டும். மற்ற மாதங்களில் மறந்தாலும் சித்திரை, வைகாசியில் மறக்கவே கூடாது. சிறு தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் வெந்நீராகிவிடும், ஆமைக்குத் தப்பிக்க இடம் இருக்காது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி, மேடை 32 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்குச் சுகம். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் இருக்கும்படி அமைப்பது மட்டும் நம் பொறுப்பு.

சாப்பாட்டில் காய்ந்த இறாலை மட்டுமே போடுவது பெருந்தவறு. கடையில் அதைத்தான் கொடுத்தனுப்புகிறார்கள். குஞ்சாக இருக்கும்போது மண்புழு, நத்தை, சிறு மீன், நல்ல ஆமைத் தீவனம். வளர வளரக் கீரை பக்கம் திருப்ப வேண்டும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, வேலம்பாசி, துருவிய கேரட். ஏ வைட்டமின் குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை சாப்பிடாது. பலர் அதைத் தூக்கம் என்று நினைக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையில் ஒரு துண்டை மிதக்கவிட்டால் போதும், தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும். சாப்பாட்டைத் தனித் தொட்டியில் கொடுப்பவர்களின் பெரிய தொட்டி நாறாது.

ஊர்வன நோயை வெளிக்காட்டாது. முனகாது, காலைச் சுற்றாது. அதனால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கலையில் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி அதுதான். எவ்வளவு நேரம் மேடையில் இருக்கிறது, கால் விரல்களை விரித்துக் காய்கிறதா, நான் போனால் தண்ணீரில் குதிக்கிறதா. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ மூக்கில் குமிழி வந்தாலோ நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டிருக்காமல் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். எடை போட்டுக் குறித்து வைப்பது வெறுமனே பார்ப்பதைவிட நம்பகமானது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். வளர்ந்த பெண் ஆமை, ஆணே இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும். அந்தச் சமயத்தில் அமைதியில்லாமல் தொட்டியைப் பிராண்டும். ஈரமணல் நிரப்பிய இடம் கொடுக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் நான் ஆமை வேண்டாம் என்றே சொல்வேன். ஆரோக்கியமான ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது இதனால்தான்; குழந்தைகள் குஞ்சை வாயில் வைத்துக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் இருப்பதும் போதும்.

வெயிலும் இடமும் வருடங்களும் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்கிறவர்களிடமும், கடையில் குஞ்சு வாங்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். வளர்க்க முடியாமல் யாருக்காவது கொடுத்துவிடத் தவிக்கிற வீடுகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. அங்கிருந்து வளர்ந்த ஆமையை எடுத்து வாருங்கள். என்ன தின்றது, எங்கே இருந்தது, கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆமை இருந்தால் ஒன்றிரண்டு மாதமாவது தனியே வையுங்கள். வந்த புதிதில் சில நாள் சாப்பிடாது, நம்மைக் கண்டால் ஒளியும். அப்போது கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, மேடையில் சூடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, காலையில் கொஞ்சம் தீவனம் போட்டு, தின்னாததை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.