அளவு நோட்டில் இருந்த தேதிகள்

மதுரையில் ஒரு சந்துக்குள் என் தையல் கடை. மூன்று மெஷின், ஓர் ஓவர்லாக், என்னையும் சேர்த்து நான்கு பெண்கள். இப்படிப்பட்ட கடையில் ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற மூன்று பேரின் மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத் தள்ளிப்போகும். பெரிய கம்பெனிகளில் ஆள் மாற்றி உட்கார வைப்பார்கள். எங்களுக்கு மாற்று ஆள் என்றால் அது நான்தான்.

சித்திரையில் தொழில் பழக ஒரு பெண் சேர்ந்தாள். 19 வயது. கொக்கி, ஹெம்மிங், காஜா என்று கைவேலையில் தொடங்கியவள், ஆடி முடிவதற்குள் லைனிங் பிளவுஸுக்குத் துணி வெட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அவ்வளவு சுத்தமான கை. ஆனால் அடிக்கடி வரமாட்டாள். காலையில் அவள் அம்மா போன் செய்வார். "உடம்பு முடியலைங்க, இன்னைக்கு அனுப்பலை." என்ன உடம்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை. கல்யாணப் பெண்ணின் பிளவுஸ்கள் அவள் மெஷின் மேல் பாதியில் கிடந்தன. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து நானே முடித்தேன். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது மூன்று நாள் காசைப் பிடித்துக்கொண்டு, மற்ற இருவர் முன்னால் சொன்னேன்: "வேலை பிடிக்கலைன்னா நேரா சொல்லிரும்மா. உடம்பைச் சாக்கு சொல்லாத." அவள் ஒன்றும் பேசவில்லை. கத்தரிக்கோலை டிராயரில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளை நிறுத்திவிடலாம் என்ற முடிவோடுதான் அன்று இரவு அளவு நோட்டைப் புரட்டினேன். அவளுக்குக் கொடுத்த வேலையை எடுத்து நான் செய்தபோதெல்லாம் ஓரத்தில் தேதி போட்டிருந்தேன். மொத்தம் 14 நாள். காலண்டரை வைத்து வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். 28 நாள் இடைவெளி, பிறகு 27, பிறகு 29. ஒவ்வொரு முறையும் மூன்று நாள். இரண்டு நாட்கள் மட்டும் தனியாக நின்றன. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நானும் பெண்தான். நான்கு மாதம் இது என் கண்ணில் படவில்லை என்பதற்கு ஒரே காரணம், அவள் வயதில் நான் வலியோடு மெஷின் மிதித்தவள். நான் தாங்கியதை எல்லோரும் தாங்க வேண்டும் என்று மனசுக்குள் ஓர் அளவுகோல் வைத்திருந்தேன். ஒருத்தியின் அளவை வைத்து இன்னொருத்திக்குத் துணி வெட்டக் கூடாது என்பதுதான் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

திங்கட்கிழமை மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு அவளைக் கூப்பிட்டேன். என்ன நோய் என்று கேட்கவில்லை. அது அவள் சொந்த விஷயம். எந்த நாட்கள் சிரமம், அன்றைக்கு எந்த வேலை முடியும் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தவள், "வாந்தி வரும்க்கா. மிதிக்க உட்கார்ந்தா கண்ணு இருட்டும். பஸ்ஸுல ரெண்டு தடவை விழுந்துட்டேன்" என்றாள். 13 வயதிலிருந்து இப்படித்தானாம். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, டாக்டரிடம் போனதே இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. அவள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியானால் தையல் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருத்திக்கு அது இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வலி இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது, காரணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கேனுக்கும் எழுதினார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. உடம்பு சரியில்லாமல் போனால் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று அதில் இருக்கிறது. இத்தனை வருடம் கடை நடத்தும் எனக்கு அது இப்போதுதான் தெரிந்தது. தொழில் பழக வந்தவள் அதில் சேருவாளா என்று வாதாடலாம். நான் வாதாடப் போவதில்லை. கேரளத்தில் ஐ.டி.ஐ.களில் தொழில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 2 நாள் மாதவிடாய் விடுப்பு என்று 2024இல் அறிவித்தார்கள். பழகும் காலத்திலேயே அது வேண்டும் என்று ஓர் அரசு நினைத்திருக்கிறதே.

இப்படி விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்ற கவலையை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான கவலைதான். ஆனால் நான்கு பேரும் பெண்களாக இருக்கும் என் கடையில் அந்த வாதம் நிற்காது.

கடையில் புது ஏற்பாடு செய்தேன். 12 நாள் சம்பள விடுப்பு எல்லோருக்கும். காலை எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். காரணம் கேட்கப்பட மாட்டாது. 12 நாள் தீர்ந்தால் சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. உட்கார முடிந்த நாளில் மிதிக்க வேண்டாம், கொக்கியும் ஹெம்மிங்கும் செய்யலாம். மூத்தவர் ஒருவர், முட்டி வலிக்காரர், கேட்டார்: "எனக்கும் உண்டா?" உண்டு என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி முணுமுணுப்பு எழவில்லை. டெலிவரி தேதியையும் இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கிறேன். ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். போகட்டும்.

தனியாக நின்ற அந்த இரண்டு நாட்கள் சித்தி மகள் கல்யாணம். காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். அதையும் கேட்டேன். கல்யாணம் என்றே சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், பொய் சொன்னால் நிஜமாக முடியாத நாளிலும் நம்ப யோசிப்பேன் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

பிடித்த காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று சொன்ன வார்த்தைக்கு, யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

சின்னக் கடை நடத்துகிறவர்களே, பழக வந்த பிள்ளை அடிக்கடி வரவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிக்கும் முன், வராத தேதிகளை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.