பூட்டிய பீரோவும் பழகிய கையும்



உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ மதரஸாவிலோ ஒரு பீரோ இருக்கும். அதனுள், கொடையாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கித் தந்த கணினியோ புரொஜெக்டரோ உறை பிரிக்கப்படாமல் உறங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதன் சாவி எங்கே என்பதும் எவருக்கும் நினைவிராது.

எங்கள் மதரஸாவிலும் அப்படி ஒன்று இருந்தது. அது வந்த நாளில் தேநீரும் சமோசாவும் வழங்கி, புகைப்படம் எடுத்து மகிழ்ந்தோம். கொண்டுவந்த இளைஞர் பத்து நிமிடம் இயக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் அதை இயக்க முயன்றேன். சுவரில் நீல ஒளி மட்டுமே வந்தது. கடைசி வரிசைச் சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். அன்று பூட்டியதுதான், இரண்டு ஆண்டுகள் திறக்கவேயில்லை. ஜமாஅத் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "உஸ்தாத், யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறதே, வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாமா?" என்று பரிவோடுதான் கேட்டார். அந்தப் பரிவு என்னை மேலும் நாணச் செய்தது. இரண்டு வார அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

என்னோடு பி.ஏ. வரலாறு பயின்று, பின்னர் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கும் தோழர் ஒருவர் ராஜபாளையத்தில் வாழ்கிறார். அவரிடம் யோசனை கேட்கலாம் என்று தென்காசியில் பேருந்து ஏறினேன்.

அந்த வழியில் நீங்கள் ஒருமுறையேனும் பயணம் செய்ய வேண்டும். கடையநல்லூர், எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று ஊர்கள் வந்துகொண்டேயிருக்க, மேற்குத் தொடர்ச்சி மலை இடப்பக்கத்தில் நம்மோடு கூடவே வரும். ராஜபாளையத்தை நெருங்கும்போது நூற்பாலைகள் தென்படத் தொடங்கும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் பஞ்சும் நூலும் இவ்வூரின் வாழ்வாயின. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராஜாவும் இவ்வூரினரே. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கியவர் அவர். கொடைக்குப் பஞ்சமில்லாத ஊர்.

இரவு உணவின்போது தோழரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாய், என் தகப்பனார் மில்லில் நூல் நூற்றவர். அறுந்த இழையை ஓடும் எந்திரத்தில் ஒட்டுவதை அவர் எப்படிக் கற்றார் தெரியுமா? யாரும் வகுப்பெடுக்கவில்லை. பழகிய கை ஒன்று மாதக்கணக்கில் அவர் பக்கத்தில் நின்றது. விரல் தவறியபோதெல்லாம் ஏசாமல் நின்றது. உங்களுக்குப் பத்து நிமிடம் காட்டிவிட்டுப் போனார்களே, அது எப்படிப் போதும்?" என்றார்.

மறுநாள் காலை அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தொலைவு. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஊருக்கு வெகு முன்பாகவே கண்ணில் படுகிறது. அவ்வட்டாரத்தில்தான் அவருடைய பள்ளி இருக்கிறது.

அங்கே நான்காம் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்தேன். பாடம் நடத்தியவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஆசிரியை. சுவரில் பெரிய திரை. மழை எவ்வாறு பிறக்கிறது என்பது பாடம். என் அருகில் இளம் ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். அது அவருக்குப் பாடமில்லா நேரமாம். படம் பாதியில் நின்றது. நான் என் நீல ஒளியை நினைத்து நடுங்கினேன். அந்த அம்மையாரோ சாக்குக்கட்டியை எடுத்து, சன்னலுக்கு வெளியே தெரிந்த மலையையும் அதன் மேல் தங்கிய மேகத்தையும் கரும்பலகையில் வரைந்து பாடத்தைத் தொடர்ந்தார். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு, பின்பக்கம் பார்த்தார். இளையவர் எழுந்து சென்று, "டீச்சர், மேலே வலப்பக்கம்" என்று மெல்லச் சொன்னார், கருவியைத் தொடவில்லை. மூத்தவரின் விரலே அழுத்தியது. திரை உயிர்பெற்றது.

"நான் தொட்டால் இன்றைக்குப் பாடம் ஓடும், நாளைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்" என்று அந்த இளையவர் பின்னர் என்னிடம் விளக்கினார்.

திரைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. ஒலி வராவிட்டால் எதைப் பார்ப்பது, படம் உறைந்தால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் ஆசிரியர்கள் தம் கையாலேயே தமிழில் எழுதியிருந்தனர். இணையம் கிடைக்காத நாளுக்காக, பாடப்படத்தை முந்தின நாளே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுமாறு ஒரு குறிப்பு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நோட்டும் ஓர் ஆணியும்தான் செலவு. ஆனால் தலைமையாசிரியர் வேறொன்றையும் ஒதுக்கியிருந்தார்: வாரத்தில் இரண்டு பாடவேளைகள் ஒருவர் மற்றவர் வகுப்பில் அமர்வதற்கான நேரம்.

வாசகர்களே! கருவி வாங்குவதில் நம் நாடு பின்தங்கியதில்லை. 1984-85-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குக் கணினி தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கட்டங்கள் இடம்பெற்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2024-இல் 22,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும், ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வழங்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இவை போற்றத்தக்கவையே.

ஆனால் கருவி வகுப்பறையில் உயிர்பெறுவது எப்போது? 1975-76-இல் செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. அத்திட்டத்தில் ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி அளித்தபோது திரையை மட்டும் நம்பவில்லை; வானொலியும் அச்சிட்ட குறிப்புகளும் நேரில் உதவும் ஆசிரியர்களும் உடன் இருந்தனர். அமெரிக்கக் கல்வியறிஞர்களான புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோரும் 1980-ஆம் ஆண்டுகளில் இதையே எடுத்துரைத்தனர். விரிவுரை கேட்டு, செய்முறை கண்டு, பயிற்சிக் கூடத்தில் தாமே செய்து பார்த்தாலும், வகுப்புக்குத் திரும்பிய பின் அருகிருந்து துணை செய்ய ஒருவர் இல்லையெனில் கற்ற திறன் பெரும்பாலும் வகுப்பறையை எட்டுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் உண்டு. எனினும் ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளைக் கவனிக்க வேண்டும். திரை நின்றுபோகும் நாளும் அவர் வரும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. ஆகவே அன்றாடத் துணை பள்ளிக்குள்ளிருந்தே வர வேண்டும்.

மாலையில் தோழர் பால்கோவா வாங்கித் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் அடுப்பும் எங்கும் உள்ளவையே. இறக்கும் பதத்தை மட்டும் அடுப்பருகே நின்று பழகியவரே அறிவார். நூலுக்கும் திரைக்கும் இனிப்புக்கும் ஒரே பாடம்தான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பீரோவைத் திறந்தேன். மேல்நிலைப் பள்ளியில் பயிலும் என் மகளிடம், "நீ அருகில் நின்று சொல், தொடாதே" என்றேன். "சரி வாப்பா" என்றவள், மூன்று மாலைப் பொழுதுகளில் நான் பதினோரு முறை தவறியதை எண்ணிவைத்திருந்தாள், ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நான்காம் நாள் அரபு எழுத்துகள் சுவரில் பெரிதாக விரிந்தன. கடைசி வரிசையில் இருந்த, கண்பார்வை குறைந்த ஒரு சிறுவன் 'பா'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'தா'வுக்கு மேலே இரண்டு புள்ளி என்று தானே எண்ணிச் சொன்னான். இரண்டு ஆண்டுகளாக அவன் அப்புள்ளிகளைக் காணாமல், அடுத்தவனைக் கேட்டே ஓதி வந்திருக்கிறான். என் நாணத்துக்கு விலை கொடுத்தவன் அவன்தான்!

முதன்முதல் அருளப்பெற்ற இறைவசனங்களிலேயே எழுதுகோல் பேசப்படுகிறது. எழுதுகோலும் ஒரு கருவியே. அதைப் பிடிக்க நமக்கும் யாரோ ஒருவர் அருகிருந்து கற்றுத் தந்தார்.

ஆகவே, வசதி படைத்த சகோதர சகோதரிகளே! பள்ளிக்கோ மதரஸாவுக்கோ கருவி வழங்கும்போது, அதனோடு மூன்று மாத காலத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் உடனிருக்கும் ஓர் ஆளையும் சேர்த்து வழங்குங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பினாலும் போதும். அவருக்குத் தேவையான தகுதிகள் இரண்டு: தாம் தொடாமல் சொல்லித் தரும் பொறுமை, பிறர் தவறும்போது சிரிக்காத பண்பு.

கற்பிப்போரும் கற்போராக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.