எல்லாரும் கேட்ட நிலம்

ஜவ்வாது மலையில் கீழ்ச்செப்பிலிப் பாறைமேட்டில் இரும்புக்காலத்துக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் என்று மலைமக்கள் சொல்லும் அந்தக் கற்பலகைகள் தப்பியதற்குக் கல்லின் உறுதி ஒரு காரணம். அந்த மேட்டை வேறெதற்கும் யாரும் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். சென்னை பீப்பிள்ஸ் பார்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தில் நெருக்கடியில் தவித்த மக்கள் காற்று வாங்குவதற்காகத் திட்டமிட்ட 116 ஏக்கர் தோட்டம் அது. எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சியும் 1860களில் இங்கே இடம் மாறியது. ஊரார் இதை 'உயிர்க் காலேஜ்' என்றார்கள். அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' ஆயிற்று. வெள்ளைக்காரர் சீமான்களுக்காகப் போட்ட தோட்டம்தானே என்று சிலர் கேட்கலாம். 1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சீமான்கள் மட்டும் உலாவும் இடத்தில் அவ்வளவு கூட்டம் ஏது?

இந்தப் பூங்காவை யாரும் இரவோடு இரவாக அபகரிக்கவில்லை. 1880களில் விக்டோரியா மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம், பின்னாளில் நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு துண்டு போனது. தனித்தனியே பார்த்தால் எல்லாமே நியாயமான தேவைகள். அவையும் பொதுமக்களுக்காகத்தானே எழுந்தன என்ற வாதம் வலுவானது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் படித்தே ஆளானவர்கள் எத்தனை பேர்! ஆனால் மண்டபத்துக்குப் போக நாடகமோ கூட்டமோ வேண்டும். மாநகராட்சிக்குப் போக மனு வேண்டும். ஒரு காரியமும் இல்லாதவன் உட்கார்ந்திருக்கப் புல்தரைதான் உண்டு. அந்தப் புல்தரையையோ கோப்புகள் காலி மனையாகவே கண்டன. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு விலங்குகள் வண்டலூருக்குப் போயின. மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. கூட்டம் பெருகும் ஊருக்கு ரயில் வேண்டாமா என்றால், வேண்டும்தான். அதற்கு ஈடாகக் கருப்பர் நகரத்து மக்களுக்கு வேறு எங்கே புல்தரை கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

ஒருமுறை கைவிட்டுப்போன நிலம் திரும்பாது என்பதும் முழு உண்மையில்லை. கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் ஓட்டல் நடந்த இடத்தை மீட்டு, அரசு 2010இல் செம்மொழிப் பூங்காவைத் திறந்தது. உள்ளே நுழையக் கட்டணம் உண்டு.