மின் அட்டை சொல்லும் கணக்கு



மழையையும் வெயிலையும் பற்றிப் பேசுவது ஒருகாலத்தில் உழவர்க்கும் மீனவர்க்கும் உரிய பேச்சாக இருந்தது. இன்று அது எல்லா இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. “முன்பெல்லாம் இப்படி வெயில் கிடையாது, மழை பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது” என்று முதியோர் கூறுவது வெறும் முணுமுணுப்பு அன்று. அறிவியலாரின் அளவைகளும் அதனையே மெய்ப்பிக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவரை கண்டவற்றுள் மிக வெப்பமான ஆண்டாக 2024 பதிவாயிற்று.

தூத்துக்குடி மாவட்டத்தில் பங்குக் குருவாகப் பணியாற்றும் எனக்கு இதற்கு ஏட்டுச் சான்று தேவைப்படவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரு பகலும் ஓர் இரவுமாக 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இஃது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. ஒரு பெருமழைக்குப் புவி வெப்பமே முழுக்காரணம் என்று கைகாட்டுதல் முறையன்று. ஆயினும் காற்று ஒரு டிகிரி சூடேறினால், நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல் விதி. கூடுதலாகச் சுமக்கும் வானம் கூடுதலாகக் கொட்டுகிறது.

வெள்ளம் வடிந்தபின் வீடு வீடாகச் சென்று கொண்டிருந்தேன். நனைந்த பாயை வேலியில் விரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “சாமி, உலகம் சூடாகுறதாலதான் இப்படின்னு பேரன் சொல்லுதான். கரண்ட கொறைக்கணுமாம். எங்க வீட்டுல இருக்கது ரெண்டு பல்பு, ஒரு பேன். நாங்க எதைக் கொறைக்க?”

“நீங்கள் குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை, ஆச்சி” என்றேன். வேறு விடை அக்கேள்விக்கு இல்லை.

“எல்லாரும் குறைப்போம்” என்பது கேட்பதற்கு இனிய சொல். ஆனால் அது பாதி உண்மையே. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரி 14 டன் அளவில் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியரோ ஏறத்தாழ 2 டன். ஆதலின், “செல்வ நாடுகள் முதலில் குறைக்கட்டும்” என்று நாம் சொல்லும்போது நீதியையே பேசுகிறோம். ஆனால் அந்த நீதி நம் தெருவுக்குள்ளும் நுழைய வேண்டாமா? 2 டன் என்பது சராசரி. அந்தச் சராசரிக்குள் இரண்டு பல்பு எரியும் வீடும் இருக்கிறது. மூன்று அறைகளில் ஏ.சி. ஓடும் வீடும் இருக்கிறது. வெள்ளம் இரண்டு வீட்டுக்குள்ளும் புகுந்தது. மீண்டெழும் வலிமையோ இரண்டுக்கும் ஒன்றாக இல்லை. எனவே கடமையும் ஒன்றாக இருத்தல் இயலாது. அவரவர் கடமையின் அளவை அவரவர் மின் அட்டையே சொல்லும்.

நம் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியால் கிடைக்கிறது. சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. தூத்துக்குடிக் கடலோரத்தில் 1979-ஆம் ஆண்டில் மின்னாக்கத்தைத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்தப் புகைக்கும் நம் வீட்டுச் சுவிட்சுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவழிக்கும் வீடு 75 கிலோவுக்குப் பொறுப்பு. 1000 யூனிட் செலவழிக்கும் வீடு 750 கிலோவுக்குப் பொறுப்பு. கணக்கு இவ்வளவு எளிது.

அங்ஙனமாயின், மிகுதியாகச் செலவிடுவோர் எங்கே தொடங்குவது? முதலாவது, குளிர்ச்சி. ஒன்றரை டன் ஏ.சி. ஓரிரவில் எட்டு யூனிட் வரை உண்ணக்கூடும். அதே இரவில் மின்விசிறி உண்பது முக்கால் யூனிட்டே. முதியோரும் நோயாளரும் உள்ள வீட்டில் கோடையில் ஏ.சி. ஓடுவது குற்றம் ஆகாது. ஆனால் 18-இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவானேன்? ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று நடுவண் அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கணக்கிட்டுள்ளது. 26-இல் வைத்து, மெதுவாக விசிறியையும் சுழலவிட்டால் போதும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது கிடைக்கும் புதுவகை விசிறிகள் 30 வாட் அளவில் சுழல்கின்றன. நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மிச்சம். மொட்டைமாடியில் கோடை தொடங்குமுன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், கூரை வாங்கும் வெப்பமே குறையும். வசதியுள்ளோர் கூரையில் சூரியத் தகடுகள் அமைக்கலாம்; 2024-இல் நடுவண் அரசு அறிவித்த திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது.

இரண்டாவது, சோறு. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணானது என்றும், அதில் அறுபது விழுக்காடு இல்லங்களிலேயே வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. குப்பைமேட்டில் புதையுண்டு அழுகும் சோற்றிலிருந்தும் அதுவே எழுகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆக, வீணாகும் ஒரு பிடி சோறு இருமுறை தீங்கு செய்கிறது. தப்பித்தவறி மிஞ்சும் காய்கறித் தோலும் இலையும் வீட்டுக் கொல்லையில் காற்றோட்டமாக மட்கட்டும், உரமாகட்டும்.

எங்கள் பங்கில் இதனைத் திருவிழாவிலிருந்து தொடங்கினோம். அசனத்துக்கு அரிசி அளக்குமுன் அன்பியங்கள் வழியாகத் தலைக்கணக்கு எடுத்தோம். மிஞ்சும் சோறு அரைமணி நேரத்துக்குள் முதியோர் இல்லத்துக்குப் போகும்படி வண்டி ஒன்றை ஆயத்தமாக நிறுத்தினோம். சீரியல் விளக்குகள் விடியும்வரை எரிவதை விடுத்து, இரவு பதினொரு மணிக்கு அணைப்பது என்று முன்மொழிந்தபோதுதான் பங்குப் பேரவையில் எதிர்ப்பு எழுந்தது. “திருவிழா களையிழந்து போகும், சாமி” என்றார் ஆண்டுதோறும் அவ்விளக்குகளை நேர்ச்சையாகத் தரும் அன்பர். அவரது மனவருத்தம் உண்மையானது. அதை நான் எளிதாக எண்ணவில்லை. இரண்டு கூட்டங்கள் பேசினோம். இறுதியில் அவரே எழுந்து, “ஆள் இல்லாத தெருவுக்கு விளக்கு எதற்கு?” என்று சொல்லி இசைந்தார். பணம் தருபவர் மனமிசைந்து குறைத்ததனால் அம்முடிவு நிலைத்தது. கட்டளையாக வந்திருந்தால் மறு ஆண்டே மறைந்திருக்கும்.

மூன்றாவது, பயணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒருவர் மட்டும் காரில் போய்த் திரும்பினால் 15 கிலோ அளவில் ஆகிவிடும். பேருந்தும் இரயிலும் உள்ள வழியில் அவற்றை நாடுவதும், திருமணத்துக்குச் செல்லும் நான்கு குடும்பங்கள் ஒரே வண்டியில் செல்வதும் நம்மால் ஆகாதவை அல்ல.

“என் ஒரு வீட்டால் உலகம் குளிர்ந்துவிடுமா?” என்று சிலர் கேட்பர். குளிராது, அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் இந்நாட்டில் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் வீட்டில் மாட்டிய பல்புதான். மேலும், வசதியுள்ளவர் வாழும் முறையையே அடுத்த வீட்டார் ஆசையோடு பார்க்கின்றனர். அவர் அளவோடு வாழ்ந்தால் அளவும் ஒரு பெருமையாகும். தம் வீட்டுக் கணக்கைச் சரிசெய்தவர்க்கு, கிராம சபையில் எழுந்து, “பகலில் தெருவிளக்கு ஏன் எரிகிறது? எங்கள் ஊருக்குக் காலைப் பேருந்து ஏன் இல்லை?” என்று கேட்கும் துணிவும் தகுதியும் தாமே வரும். அரசும் ஆலைகளும் மாறாமல் இது முழுமையுறாது. மக்கள் கேளாமல் அவை மாறுவதும் அரிது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் உண்ணும் அளவுக்கே சமைப்பதையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஏழையரின் அழுகுரலையும் மண்ணின் அழுகுரலையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

எனவே, அன்புக்குரிய குடும்பத்தாரே! அடுத்தமுறை மின்கணக்கு எடுத்தவுடன், அட்டையாயினும் கைப்பேசிச் செய்தியாயினும், அந்த எண்ணை இரவு செபத்துக்குப்பின் பிள்ளைகளோடு அமர்ந்து படியுங்கள். சென்ற ஆண்டு இதே மாதங்களின் எண்ணோடு ஒப்பிடுங்கள். நூறு யூனிட்டுக்குள் வாழும் குடும்பமாயின் மனச்சுமையின்றி உறங்குங்கள். எண்ணூறு, ஆயிரம் என்று ஏறியிருப்பின், எந்த அறையில், எந்த நேரத்தில், எதற்காக என்று கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொன்னதைச் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள்.